மாடிப்படியில் நின்று கேட்ட தட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, பழைய இருமல் திரும்பி வராமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். இதை யாரோ எழுதிக் கொடுத்தார்கள் என்று நினைத்துவிடாதே. நானே எழுதுகிறேன் பாப்பா, என் கையால், எழுபத்தொரு வயதில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து. முதல் நாள் பேனாவைப் பிடித்த பிடியில் தாள் கிழிந்துவிட்டது, குழாய் திருகுகிற பைப் ரிஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் கிழியாமல் என்ன செய்யும் என்று உன் அம்மா சிரித்தாள். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வருகிறது, சில நாள் மூன்று வரிதான். இன்றோடு இந்தக் கடிதத்துக்குப் பதினோரு நாள். என்னைப் பற்றி ஒன்றே ஒன்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், இதுவரை எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட யாரிடமும் காட்டிச் சரியா என்று கேட்கவில்லை. தப்பு இருந்தால் நீ திருத்திக்கொள், சிரிப்பு வந்தால் சிரி, அதற்காகவாவது சிரி.

ஏன் படிக்கக் கிளம்பினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். உன் செய்தி வந்தபோது வழக்கம்போல கீழே போன் கடைக்குத்தான் எடுத்துக்கொண்டு போனேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். போன் கடைத் தம்பி நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்லவில்லை, ஒரு கையில் யாருடையதோ போனைக் கழற்றிக்கொண்டே உன் செய்தியைப் படித்தான். அப்பா, எனக்கு ரெண்டு காதும் கேட்கலை, ஊசி மருந்தால நரம்பு போயிடுச்சு, ஆறு மாசம் ஆச்சு, மிஷின் வச்சும் பிரயோஜனம் இல்லை, இனிமே போன் பண்ணாதீங்க, நான் நல்லா இருக்கேன். இதைப் பஸ் நம்பரைப் படிக்கிற குரலில் படித்துவிட்டு, அடுத்து யாரு என்று கேட்டான். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா ஐயோ பாவம் யாருங்க அது என்றாள். எனக்கு எப்படி இருந்தது என்றால், உன்னைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நடுத்தெருவில் நிறுத்திவிட்டு வந்த மாதிரி இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், என் மகளுடைய கஷ்டம் இனிமேல் இன்னொருத்தன் வாய் வழியாக எனக்கு வரக்கூடாது என்று. போன் உனக்கு உதவாது, படிப்பு எனக்குக் கிடையாது, இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற முடியும், உன் காதை மாற்ற என்னால் முடியாது.

நூலகத்தின் பின்னால் சாயங்கால வகுப்பு நடக்கிறது. டீச்சரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும், பொறுமைசாலி. வகுப்பில் எட்டுப் பேர். எனக்குப் பக்கத்து இடம் காய்கறி வண்டிக்காரம்மாவுக்கு. வாய் என்றால் வாய், நான் வளைவு எழுத்து போடும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, பெரியவரே, எழுத்து எழுதுறீங்களா இல்ல குழாய்க்கு எல்போ மாட்டுறீங்களா என்று கேட்பாள். அவள் மட்டும் என்ன, எல்லா எழுத்தையும் கத்திரிக்காய் மாதிரிதான் போடுவாள். முதல் மூன்று மாதம் தலையில் ஒன்றும் ஏறவில்லை. அப்புறம் ஒரு நாள் வகுப்பு விட்டு வரும்போது, மூன்றாவது தெருவில் பச்சை கேட் போட்ட வீடு இருக்கிறதே, அங்கே வாசலில் ஒரு பலகை, நிறைய எழுத்து, பெரிய படிப்புப் படித்தவர் பெயர் என்று நினைத்து முப்பது வருஷமாக அந்த வீட்டுக்காரரைக் கண்டால் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன், இங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து இந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. அப்புறம் இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திவிட்டோம், ஏன் என்று நான் எழுத வேண்டாம், உனக்கே தெரியும்.

இப்போது ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். பாப்பா, போன வருஷம் போனில் நான் பேசியதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா, இருக்கக் கூடாது என்று ஆசைப்படுகிறேன். நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று சொன்னாய். சாப்பிட்டியா என்றால் ஆமா மழைதான் என்றாய். அம்மாவுக்கு முட்டி வலி என்றால் சந்தோஷம்பா என்றாய். நான் என்ன நினைத்தேன், பெரிய மனுஷி ஆகிவிட்டாள், வேறு வேலை பார்த்துக்கொண்டே நம்மிடம் பேசுகிறாள் என்று நினைத்தேன். கடைசியாகப் பேசிய அன்றைக்குக் கத்தினேன், காதுல விழுதா இல்லையா, செவுடா உனக்கு என்று கத்தினேன். நீ சரிப்பா வச்சிடுறேன் என்றாய். அதற்கப்புறம் ரோஷம் வந்து இரண்டு மாதம் நான் போனே பண்ணவில்லை. முப்பத்து நாலு வருஷம் குழாய் ஆபீஸில் காதை வைத்துத்தான் எனக்குச் சோறு. விடிகிற நேரத்தில் வண்டி வாகனம் கிளம்புகிறதற்கு முன்னால் தெருவில் குனிந்து, கம்பியின் ஒரு முனையைக் குழாய் வால்வில் வைத்து மறு முனையைக் காதில் வைத்து, மண்ணுக்கு அடியில் ஆறடியில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் இங்கே தோண்டு என்று சொன்னவன் நான். இன்ஜினியர் மிஷின் வாங்கி வந்து வைத்தபோதுகூட, மிஷின் இருக்கட்டும், முதல்ல பெரியவரைக் கேளுங்க என்றார்கள். அப்படிப்பட்ட காது, சொந்த மகளுடைய குரலில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லி அழ முடியாது. அதனால் எழுதிவிட்டேன்.

அந்தக் கம்பியையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி காது டாக்டரிடம் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் காது வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை, கம்பியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தாலும் கேட்கும், பல்லில் கடித்தாலும் கேட்கும், எங்கள் வேலையில் எல்லாருக்கும் இது தெரியும். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது லீவு நாளில் கூடவே வருவாய், அந்தக் கம்பியைக் கடித்துக்கொண்டு, அப்பா தண்ணி பேசுது என்பாய். அதனால் ஊசி மருந்தில் நரம்பு போன என் மகளுக்கு எலும்பு வழியாகக் கேட்குமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் கம்பியை வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழி அடைச்சிருந்தா வேற வழி பாக்கலாம் பெரியவரே, இது போய்ச் சேர்ற இடமே இல்லாம போயிடுச்சு என்றார். மெதுவாகத்தான் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது கம்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி உன் தட்டுகள் விஷயம். இரண்டாவது செய்தியில் எழுதியிருந்தாய், என் அறையில இருக்கிற பாட்டுத் தட்டு, கேசட், சிடி எல்லாத்தையும் யாருக்காவது கொடுத்துடுங்க, அது அங்க இருக்குன்னு நினைச்சாலே தலைக்குள்ள நிக்காம ஓடுது, அங்க இல்லேன்னு தெரிஞ்சா தூங்குவேன் என்று. இதையும் போன் கடைத் தம்பிதான் படித்தான். அதற்கு நான் ஒரு பொய் சொன்னேன். பழைய தட்டு வாங்குகிறவர் ஊரில் இல்லை, வந்ததும் கொடுக்கிறேன் என்று அவனை விட்டே உனக்கு எழுதச் சொன்னேன். அவர் இங்கேதான் இருந்தார் பாப்பா, இரண்டு தெரு தள்ளித்தான் கடை. எனக்கு மனசு வரவில்லை. நீ மூன்றாவது தடவை கேட்டாய், நாலாவது தடவை கேட்டாய். அந்த நாலாவது செய்தியை நானே படித்தேன், நான் என் வாழ்க்கையில் தனியாகப் படித்த முதல் செய்தி அதுதான். அப்பா ப்ளீஸ் என்று ஆரம்பித்திருந்தாய். என்னிடம் நீ ப்ளீஸ் சொன்னதே கிடையாது. சண்டை போட்டு வாங்குவாய், அழுது வாங்குவாய், அம்மாவை விட்டுக் கேட்டு வாங்குவாய். அந்த ஒரு வார்த்தையைப் படித்த பிறகு அடுத்த நாள் காலையில் தட்டுக்காரர் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் சும்மா அள்ளிக்கொண்டு போகிற ஆள் இல்லை. ஒவ்வொரு தட்டையும் நம் பாட்டுப் பெட்டியிலேயே போட்டு, ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் முள் வைத்துக் கேட்டு, கீறல் இருக்கிறதா என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிய பிறகுதான் பெட்டிக்குள் அடுக்குவார். கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, மூன்று நாள் சாயங்காலம் உன் அறையில் தரையில் உட்கார்ந்து செய்தார். இதை வாங்கினவங்களுக்கு நல்ல காதுங்க என்றார் முதல் நாள். உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவருக்கு விஷயம் தெரியாது, சினிமாப் பாட்டு வச்சிருக்காங்க, சரி, கூடவே இதையும் வச்சிருக்காங்களே, ஒரே ஆளுடையதா, இல்ல ஒரு வீட்டுல பத்துப் பேருடையதா என்றார். ஒரே ஆளுடையதுதான் என்றேன். அப்புறம் சொல்லிவிட்டேன். அவர் முள்ளைத் தூக்கிவிட்டு, நிறுத்திடட்டுமா ஐயா, கேக்காமலே எடுத்துட்டுப் போறேன் என்றார். வேண்டாம், கேட்டே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். கடைசியாக ஒரு தடவை இந்த வீட்டில் எல்லாம் சத்தமாகப் பாடிவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

இனி வருகிறது உனக்கு வலிக்குமென்றால் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன். தீப்பிடிச்சா இதை மட்டும் தூக்கிட்டு ஓடுவேன் என்று சொல்லி ஜன்னலுக்குப் பக்கத்து அலமாரியில் ஒன்பது தட்டு வைத்திருந்தாயே, அதைக் கடைசி நாள் எடுத்தார். எனக்கு எழுத்துத் தெரியாத காலத்தில் அட்டைப் படத்தை வைத்துத்தானே எல்லாவற்றுக்கும் பேர். குடைக்காரி, ஒற்றை நாற்காலி, மொட்டைத் தலையர், தண்டவாளம். இப்போது பேரெல்லாம் படிக்க முடிகிறது, ஆனாலும் எனக்கு அவர் மொட்டைத் தலையர்தான். உறைக்குள்ளே காகிதத்தில் பென்சிலால் நீ எழுதி வைத்திருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் அந்தத் தட்டுகளைத் தூசி தட்டி வைத்தவன் நான், உள்ளே கோடு கோடாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன், விலை என்று நினைத்தேன். மொட்டைத் தலையர் ஜாஸ் தட்டை எடுத்தால் உள்ளே, அப்பா சொன்னது, ஆளுக்கு ஒரு பக்கமா இழுக்கிறானுங்க, ஆனா தண்ணி ஒரே குழாயிலதான் போகுது என்று எழுதியிருக்கிறாய். நான் எப்போது சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை பாப்பா. நான் ஏதோ வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனேன், நீ எழுதி வைத்திருக்கிறாய். ஒற்றை நாற்காலி, அந்தப் பியானோ தட்டு, அதில் என் வார்த்தை ஒன்றும் இல்லை, பரீட்சைக்கு முந்தின நாள், நாலு தடவை, என்று மட்டும் இருந்தது. அன்றைக்கு முழுசாகக் கேட்டேன். புது வீட்டுக்குக் குடிவந்தவன் இருட்டில் சுவரைத் தடவித் தடவி லைட் ஸ்விட்சைத் தேடுகிற மாதிரி வாசிக்கிறார் அந்த ஆள், கடைசி வரைக்கும் ஸ்விட்ச் கிடைக்கவில்லை, ஆனால் பயம் போய்விடுகிறது. தண்டவாளத்தில் நிற்கிற முடி வளர்த்த நாலு பேருடைய தட்டைப் போட்டதும் மேல் வீட்டு ரிட்டயர்ட் ஜட்ஜ் பழையபடி தரையில் கைத்தடியால் தட்டினார், உன் அம்மா ஜன்னல் வழியாக, இன்னிக்கு ஒரு நாள்தான் ஐயா, இனிமே தட்டறதுக்கு உங்களுக்கு வேலையே இருக்காது என்றாள். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டார். அந்தத் தட்டு முடிகிற வரைக்கும் தட்டவே இல்லை.

குடைக்காரி சினிமாத் தட்டில் மூன்றாவது பாட்டில் முள் ஒரு இடத்தில் குதிக்குமே, தட்டுக்காரர் சீட்டில் பழுது என்று எழுதினார். நீ ஆறு வயதில் சோபாவிலிருந்து குதித்து ஆடியபோது விழுந்த கீறல் அது, பழுது இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்ல. உன் அம்மா அந்த இடம் வரும்போது அந்தக் குதியையும் சேர்த்துத்தான் பாடுவாள், வெளியே கல்யாண வீட்டில் அதே பாட்டைப் போட்டால் என்னடா இவன் தப்பாப் பாடறான் என்பாள். அதற்கடுத்து மழைத் தட்டு. பாட்டே இல்லை, ஒரு காட்டில் மழை பெய்வதை யாரோ பிடித்து வைத்தது, இதைப் போய் ஒருத்தன் விலைக்கு விற்கிறான், ஒருத்தி வாங்குகிறாள் என்று அந்தக் காலத்தில் நான் கேலி செய்தேன். நீ அதைப் போடும்போதெல்லாம் உன் அம்மா துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஓடுவாளே. இந்தத் தடவையும் ஓடினாள் பாப்பா. சமையலறையில் இருந்தவள், கையைக்கூடத் துடைக்காமல், மழை வந்துடுச்சு மழை வந்துடுச்சு என்று ஓடினாள். நானும் தட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே காத்திருந்தோம், திட்டிக்கொண்டே இறங்கி வருவாள் என்று. வரவில்லை. நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். வெயிலில் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனிமே அவளுக்கு ஜன்னலைப் பாத்தாத்தான் மழைன்னு தெரியும் இல்ல என்றாள். துணி ஏற்கனவே காய்ந்திருந்தது, இரண்டு பேரும் மடித்து எடுத்துக்கொண்டு வந்தோம்.

ஒன்பதாவது தட்டுதான் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம். நீல அட்டை, பாதி திறந்த கதவு. அந்த அம்மாள் வயசானவள், என்ன பாஷை என்று உனக்கும் தெரியாது என்பாய், தனியாகப் பாடுகிறாள், பக்கத்தில் ஒரே ஒரு கிடார், அவ்வளவுதான். உள் காகிதத்தில் பென்சிலில் ஒரு வரி. தட்டுக்காரர் முள்ளை வைக்கப் போனார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எழுத்துக் கூட்டினேன். அப்பாவுக்கு ஆகாது, செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்தணும். நான்தான் தப்பாகக் கூட்டுகிறேன் என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து வந்தேன். படிச்சுச் சொல்லட்டுமா ஐயா என்றார் அவர். வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவையும் அதுவேதான் இருந்தது.

பாப்பா, உனக்குப் பதினாலு வயசு, ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்ததும், என்ன இது சாவு வீடு மாதிரி, நிறுத்து அதை என்று கத்தினேன். நீ பயந்து முள்ளைத் தட்டிவிட்டு எடுத்தாய். அதைத்தான் நீ எழுதி வைத்திருக்கிறாய். அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவே இல்லை. அன்றைக்குக் காலையில் நான்தான் கம்பியை வைத்துக் கேட்டு, இங்கே தோண்டு என்று சொன்னேன். என்னோடு பதினெட்டு வருஷம் வேலை செய்த தோண்டுகிற ஆள், நீகூட நெட்டை மாமா என்று கூப்பிடுவாயே, அவர் இறங்கினார். நான் சொன்ன இடத்தில் தண்ணீர் இருந்தது, நான் சொன்னது சரிதான், ஆனால் நனைந்த மண் பக்கவாட்டில் சரிந்து அவரை மூடிவிட்டது. அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார் என்று உனக்குச் சொன்னோம், உன் அம்மாவையும் அப்படியே சொல்லச் சொன்னேன். அவரை அடக்கம் செய்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தேன், படியேறும்போது அந்த அம்மாளுடைய குரல். என்னால் தாங்க முடியவில்லை. பாட்டு பிடிக்காமல் கத்தவில்லை, அது எனக்குள்ளே போய் நேராக அந்தக் குழியில் நின்றது, அதனால் கத்தினேன். அதற்கப்புறம் நான் வரும்போதெல்லாம் உன் அறையில் அந்தத் தட்டு பாதியில் நிற்கும். ஏன் என்று யோசித்தேன், என் செருப்புச் சத்தம்தான் என்று புரிந்தது.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா, சொல்ல வெட்கமாக இருக்கிறது. தெருவில் வரும்போதே ஜன்னலில் அந்தக் குரல் கேட்டால், கீழேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மாடிப்படி திரும்புகிற இடம் வரைக்கும் ஏறி, அங்கேயே நிற்பேன். தட்டு முடிந்து நீ அதை உறையில் போடுகிற சத்தம் கேட்ட பிறகு மறுபடி கீழே இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, டக் டக் என்று ஏறி வருவேன். கீழ்வீட்டுத் தையல்காரர் பார்த்துவிட்டு, என்ன அண்ணே, இன்னிக்கும் வீட்டுல அண்ணிகிட்ட பூசையா, செருப்பைக் கழட்டிட்டுப் பதுங்குறீங்க என்பார். ஆமாம்பா என்று சொல்லிவிடுவேன், என் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று. நீ ஊரை விட்டுப் போகிற வரைக்கும் எட்டு வருஷம் அப்படிக் கேட்டேன். நெட்டையனுக்காக எங்கேயும் நான் அழுததில்லை, ஆபீஸிலும் அழவில்லை, வீட்டிலும் அழவில்லை, அந்தப் படியில் மட்டும்தான். எனக்கு ஆகாது என்று நினைத்து நீ நிறுத்தினாய், உனக்கு இடைஞ்சல் கூடாது என்று நான் வெளியே நின்றேன், நடுவில் ஒரு கதவுதான், அதுவும் தாழ் போடாத கதவு. ஒரு நாள் உள்ளே வந்து தரையில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். முழுசாகப் போடு பாப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போது உனக்குக் காது இருந்தது, எனக்கு வாய் இருந்தது. இப்போது எழுதத் தெரிந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன், ஆனால் அந்த நாள் வராது.

தட்டுக்காரரிடம் அந்தத் தட்டில் முள் வைக்க வேண்டாம் என்றேன். மற்ற எல்லாவற்றையும், அந்த எட்டையும் சேர்த்து, நீ சொன்னபடி கொடுத்துவிட்டேன். அவர் நல்ல மனிதர், யார் யாருக்குப் போகிறது என்று பார்த்துத்தான் கொடுப்பேன் என்றார், நீ பென்சிலில் எழுதின காகிதங்களை மட்டும் உருவி என் கையில் கொடுத்தார். உன் அறை இப்போது காலியாக இருக்கிறது, நீ நிம்மதியாகத் தூங்கலாம், இது பொய் இல்லை. ஆனால் இந்த ஒரு தட்டை நான் கொடுக்கவில்லை. உன் அம்மாவுக்கு என் மேல் கோபம், அவ எல்லாத்தையும்னு சொன்னா, நீங்க என்ன புதுசா கணக்குப் பண்றீங்க, அவ வலி அவளுக்கு என்கிறாள். அவள் சொல்வது சரிதான். அதனால்தான் திருடி வைத்துக்கொள்ளாமல் உன்னிடம் கேட்கிறேன். உனக்காக வைக்கிறேன் என்று சொல்ல மாட்டேன், என்றைக்காவது நீ கேட்பாய் என்றெல்லாம் நான் என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தது. இது எனக்கு வேண்டும் பாப்பா. உன்னிடம் எனக்கென்று இதுவரை ஒன்றும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன், இந்தத் தட்டை எனக்குக் கொடு. நீ வேண்டாம் என்று எழுதினால் அன்றைக்கே போய்க் கொடுத்துவிட்டு வருவேன், ஏன் என்று கேட்க மாட்டேன். நீ சரி என்று எழுதினால் பகலிலே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நெட்டையனையும் உன்னையும் நினைத்துக்கொண்டு, உட்கார்ந்து கேட்பேன். அதுவரைக்கும் முள்ளை அதன் பக்கத்தில் கொண்டுபோக மாட்டேன். அது உறைக்குள்ளேதான் இருக்கிறது, நான் மறுபடி உன் சம்மதம் இல்லாமல் ஒட்டுக் கேட்க மாட்டேன்.

உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, நான் சொல்வதையும் எழுதுங்கள் என்கிறாள். அவள் சொல்கிறபடியே எழுதுகிறேன். கண்ணு, வேலை செய்யற இடத்துல கண்ணாடி தேய்க்கிற மிஷின்ல கை பத்திரம், முன்னயாவது சத்தத்துல தெரியும், இப்ப கண்ணாலதான் பாக்கணும். ரோடு தாண்டும்போது ரெண்டு பக்கமும் பாத்துட்டு, மறுபடி ஒரு தடவை பாரு, ஹாரன் அடிக்கறவன் அடிச்சிட்டேதான் வருவான், அவனுக்குத் தெரியாது. நாங்க வரவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்றே, வந்தா பேசணும்னு பயமா, நாங்க பேசவே மாட்டோம், சும்மா உன் பக்கத்துல இருக்கோம். இதோடு அவள் எழுந்து போய்விட்டாள்.

நீ பல்லாண்டு நல்லபடி இருக்க வேண்டும், கண்ணில் குறையில்லாமல், கையில் வேலையோடு, மனசு அமைதியோடு இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனசார ஆசீர்வதிக்கிறோம். பதிலைப் போனில் அனுப்பாதே பாப்பா, காகிதத்தில் எழுது, கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. ஒரு வரி போதும், சரி என்றோ வேண்டாம் என்றோ. தபால்காரர் வந்ததும் வாங்கிக்கொண்டு உன் காலி அறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நானே படித்துக்கொள்வேன், நீ சொன்னது என்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்காது.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் கத்திய,
உன் அப்பா